குறி போடாத எழுத்து

போன மாதம் நம் கோயில் ஆண்டு விழாச் சாப்பாட்டில் எனக்கு எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருவர், பக்கத்து இலைக்காரரிடம் என்னைக் காட்டி, "இவங்களுக்குச் சின்ன வயசுல கணக்கே வராது. கண்ணாடி போட்டதும் வந்துடுச்சு" என்றார். சொன்னவருக்கும் என் வயதுதான். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் தவறாகச் சொன்னார்.

இந்தக் கதை நம் பேட்டையான ரிச்சர்ட்ஸ் டவுனில் ஏறக்குறைய அறுபது ஆண்டுகளாக நடமாடுகிறது. அதைக் கிளப்பிவிட்டவர் என் அம்மா. நம் சபையில் யாருக்கு எப்போது ஞானஸ்நானம், எந்த மணி எந்த ஆண்டு வந்தது என்றெல்லாம் பிறர் சொல்லும் தேதிகளைத் திருத்திக்கொண்டே காலம் கழித்தவள் நான். என்னைப் பற்றிய தேதியைத் தவறாக விட்டுவைப்பது முறையில்லை. கண்ணாடி வந்தது தவக்காலத்தின் தொடக்கத்தில். கணக்கு வந்தது குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வியாழன் மாலையில். நடுவில் ஒரு பரீட்சை நடந்தது. அதில் கண்ணாடி போட்டுக்கொண்டே தோற்றேன்.

ஆண்டைச் சொல்வதும் எளிது. லண்டனில் பழைய ராஜா இறந்து, துக்கத்திற்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டார்களே, அந்த 1936 ஜனவரி. நான் மூன்றாம் பாரம், இன்றைய எட்டாம் வகுப்பு. விடுமுறை முடிந்து எல்லாரும் பள்ளிக்குப் போனபோது எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் இரண்டும் உப்பி, தாடையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு ஒரு வாரத்திற்கு மேல் வீட்டில் கிடந்தேன். அந்த வாரத்தில்தான் கணக்கு டீச்சர் அல்ஜீப்ராவில் எழுத்துகளின் தலையில் சின்ன எண் போடுவது என்றால் என்ன என்பதைச் சொல்லிக்கொடுத்தார். இன்று பள்ளிகளில் அடுக்கு, படி என்கிறார்கள். அன்று எங்களுக்கு அது இண்டெக்ஸ்.

வீக்கம் வடிந்து வகுப்புக்குப் போன அன்று கரும்பலகையில் a² × a³ என்று எழுதியிருந்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இது எனக்கு எத்தனையோ நாளாகத் தெரிந்த சங்கதி.

ஏன் தெரியும் என்பதற்கு அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா பகலில் தபால் ஆபீசில் குமாஸ்தா. மாலையில் கோயில் பாடகர் குழுவுக்குத் தலைவர். நம் வயதுக்காரர்களுக்குச் சோல்ஃபா நினைவிருக்கும். ஐந்து கோட்டு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதவர்கள் நாலு குரலில் பாடுவதற்கான எழுத்துமுறை அது. டோ என்றால் d, ரே என்றால் r, மி என்றால் m. நடு ஸ்தாயி டோவை வெறும் d என்று எழுதுவார்கள். அதற்கு மேல் ஸ்தாயி டோ என்றால் d-யின் தலையில் சின்னதாக ஒன்று போடுவார்கள். அதற்கும் மேலே போனால் இரண்டு. கீழ் ஸ்தாயிக்குக் காலடியில் போடுவார்கள்.

கோயிலுக்குப் பின்னாலிருந்த அறையில் இந்த எழுத்துகளை மேலிருந்து கீழாக ஏணி மாதிரி அச்சடித்த நீளத் துணிப்படம் ஒன்று தொங்கும். மாடுலேட்டர் என்று பெயர். கீழே மரச்சட்டம் வைத்துச் சுருட்டலாம். விரிக்கும்போதெல்லாம் கற்பூர உருண்டை வாசனையும், கொஞ்சம் எலி வாசனையும் வரும். அப்பா பிரம்பால் எந்த எழுத்தைத் தொடுகிறாரோ அதைப் பாட வேண்டும். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே அந்தப் படத்தைப் படித்தவள். அந்தப் படம் இப்போது எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. அறையை இடித்துக் கட்டியபோது விறகோடு போயிருக்கும்.

ஆகவே, a-யின் தலையில் இரண்டு என்றால் இரண்டு ஸ்தாயி ஏறு என்று அர்த்தம். மூன்று என்றால் மூன்று ஏறு. பெருக்கினால் கூட்டு, வகுத்தால் கழி என்று டீச்சர் சொன்னார். பின்னே? இரண்டு ஏறி, இன்னும் மூன்று ஏறினால் ஐந்துதான். வகுத்தால் இறங்க வேண்டியதுதான். மற்றப் பெண்கள் ஏன் கூட்ட வேண்டும், ஏன் பெருக்கக்கூடாது என்று விழித்துக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தின் எல்லாக் கணக்கையும் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீச்சர் என்னை எழுப்பி நிறுத்தி, ஒரு வாரம் வராத பெண்ணைப் பாருங்கள் என்று மற்றவர்களுக்குக் காட்டினார்.

அந்தப் பெருமை அடுத்த பக்கம் வரைதான்.

அடுத்த பக்கத்தில் தலையில் ஒன்றும் போடாத எழுத்துகள் வந்தன. a × a² என்ன? நான் a² என்று எழுதினேன். a³ ÷ a? a³ என்று எழுதினேன். சோல்ஃபாவில் குறி இல்லாத எழுத்து நடு ஸ்தாயி. அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதன் தலையில் இருப்பது பூஜ்யம். பூஜ்யத்தோடு இரண்டைக் கூட்டினால் இரண்டு. என்னைப் பொறுத்தவரை இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. குறியுள்ள எழுத்துகளுக்கு என் விடை எப்போதும் சரி. குறியில்லாத எழுத்து ஒன்று உள்ளே வந்துவிட்டால் எப்போதும் தப்பு. வீட்டுக் கணக்கு திரும்பி வரும்போது சரியும் தப்பும் கலந்து, மழைக்குப் பிறகு முற்றத்தில் காக்கை நடந்த மாதிரி இருக்கும்.

ஒருநாள் டீச்சர் பொறுமை இழந்து, எல்லாருக்கும் முன்னால் கேட்டார்.

"ஏ இன்டு ஏ என்ன?"

"ஏ, டீச்சர்."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

அவர் கெட்டிக்காரர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பெரிய வகுப்பு. ஒவ்வொருத்தியின் தப்பும் எந்தக் குடும்பத்தின் எந்த அறையிலிருந்து வருகிறது என்று பார்க்க அவருக்கு நேரம் ஏது? ஆனாலும் ஒரு துப்பு அவர் கையிலேயே இருந்தது என்பது இன்று எனக்குத் தெரிகிறது. விடை ஒன்றில் நின்றால் நான் a¹ என்று அந்த ஒன்றையும் எழுதுவேன். எழுதாமல் விட்டால் அது வேறு சுரமாகிவிடுமே! வகுப்பில் வேறு யாரும் அப்படி எழுதியதில்லை. டீச்சர் அந்த ஒன்றைச் சிவப்பு மையால் சுழித்து, ‘தேவையில்லை’ என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே வந்தார். ஏன் எழுதுகிறாய் என்று ஒரு தடவை கேட்டிருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

சின்ன எண்ணை நான் சில சமயம் பார்க்கிறேன், சில சமயம் பார்ப்பதில்லை என்று அவர் முடிவு செய்தார். கண்ணைக் காட்டுங்கள் என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்.

அம்மாவுக்கு இது பெரிய நிம்மதி. மூளையில் குறை என்றால் என்ன செய்வது? கண்ணில் குறை என்றால் கமர்ஷியல் தெருவில் கடை இருக்கிறது. கண் டாக்டர் என்னைச் சுவர்ப் பலகையின் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கடைசி வரி வரை படித்தேன். பலகையின் அடியில் அச்சகத்தின் பெயர் இருந்தது. அதையும் படித்தேன். டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா, "புள்ளைக்குச் சின்ன எழுத்து தெரியலைங்க" என்றார் உறுதியாக. டாக்டர் கொஞ்சம் யோசித்து, ஆமை ஓட்டு நிறத்தில் வட்டச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடிக்கு எழுதிக்கொடுத்தார். அதன் வழியாகப் பார்த்தால் உலகம் அப்படியேதான் இருந்தது, கொஞ்சம் தூசியாக.

மர்பி டவுனிலிருந்து நடந்து வரும் என் பெஞ்சுத் தோழிக்கு அன்று கொண்டாட்டம்.

"ஏய், தொரைசானி வந்துட்டா. இப்ப நான் எத்தனை பேரா தெரியறேன்?"

"ஒருத்திதான். அதுவே ஜாஸ்தி."

"நோடு, வாய் மட்டும் குறையல" என்று அவள் கண்ணாடியைப் பிடுங்கித் தான் போட்டுக்கொண்டு வகுப்பைச் சுற்றி வந்தாள். அவள் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம்; நோடு என்றால் பார். கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் தெருவின் பேச்சு முதலில் வந்துவிடும்.

பங்குனியில் பரீட்சை வைத்தார்கள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதினேன். முன்போலவே சரியும் தப்பும். இம்முறை டீச்சர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

தலைமை ஆசிரியை அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினார். நாலாம் பாரத்தில் கணக்கு தாங்காத பெண்கள் அதை விட்டுவிட்டு வீட்டு நிர்வாகமும் தையலும் எடுக்கலாம் என்பது எங்கள் பள்ளியின் ஏற்பாடு. திங்கட்கிழமை அப்பா பதில் சொல்ல வேண்டும். என் அக்கா அந்த வழியில்தான் போயிருந்தாள். அவள் பின்னிய மேசை விரிப்புகள் எங்கள் வீட்டில் மேசைகளைவிட அதிகம். அவளுக்கு அதில் வருத்தமில்லை. எனக்கு இருந்தது. ஏனென்றால் எனக்கு ஓர் ஆசை இருந்தது. கோயில் ஆர்கனைப் பழுது பார்க்க ஒரு துரை மதராஸிலிருந்து வருவார். பெரிய குழாய்க்குக் கீழ்க்குரல், சின்னக் குழாய்க்கு மேல்குரல். ஏன் அப்படி என்று நான் அப்பாவிடம் நச்சரித்தபோது, அதெல்லாம் காலேஜில் பௌதிகத்தில் வரும் என்று சொல்லியிருந்தார். கணக்கு இல்லாமல் காலேஜில் பௌதிகம் இல்லை. அந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் மேசை விரிப்புப் பின்ன எனக்குச் சம்மதமில்லை.

அப்பா இரவுச் சாப்பாட்டில் அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். "காது குடுத்திருக்காரு ஆண்டவர். எல்லாத்தையும் ஒரே புள்ளைக்கே குடுப்பாரா?" என்றார். ஆறுதலாகச் சொன்னார். அந்தக் காதுதான் கணக்கைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்த வியாழக்கிழமை ஈஸ்டர் பாட்டுக்குப் பயிற்சி. ஆண்களின் மேல்குரலான டெனர் பாட ஆள் குறைந்திருந்ததால், அத்திபெலேயிலிருந்து வந்து கன்டோன்மென்டில் வேலைக்குச் சேர்ந்திருந்த ஓர் இளைஞரை அப்பா புதிதாகச் சேர்த்திருந்தார். இன்டர்மீடியட் தேறியவர். குரல் நல்ல குரல். ஆனால் பாட்டின் உச்சியில் டெனர் ஏற வேண்டிய இடத்தில் அவர் ஏறவே மாட்டேன் என்றார். வெறும் d-யையும் தலையில் ஒன்று போட்ட d-யையும் ஒரே சுரத்தில் பாடிக்கொண்டு நின்றார். அப்பா பிரம்பால் படத்தைத் தட்டினார்.

"தம்பி, அது மேல் டோ. நீங்க நடு டோலயே நிக்கிறீங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"எப்படி ஒண்ணாகும்? இதுக்கு மேல ஒண்ணு போட்டிருக்கு. இதுக்குப் போடல."

"போடலன்னா ஒண்ணுன்னுதானே சார் அர்த்தம்? அல்ஜீப்ரால அப்படித்தான். சும்மா ஏ-ன்னு எழுதினா மேல ஒண்ணு இருக்கு. எழுத வேணாம்னு விட்டுடறோம், அவ்வளவுதான்."

பின்வரிசையில் கீழ்க்குரலான பேஸ் பாடும் ரயில்வே மாமா, "காலேஜ் படிச்சவங்களைக் கூப்பிடாதீங்கன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இளைஞரும் சிரித்தார்.

அப்பா சிரிப்பு அடங்கக் காத்திருந்தார். "இங்க ஒண்ணும் போடலன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம் தம்பி. ஏறவும் வேணாம், எறங்கவும் வேணாம். எங்க பாடுங்க."

அவர்கள் பாடினார்கள். நான் பாடவில்லை. முன்வரிசையில் பெண்களோடு நின்றிருந்த எனக்கு, என் முறை வந்ததும் போனதும் தெரியவில்லை. இரண்டு மாதமாக நான் வாங்கிய ஒவ்வொரு சிவப்புக் கோடும் வரிசையாக வந்து என் முன்னால் நின்றது. எல்லாவற்றிலும் குறி போடாத ஓர் எழுத்து இருந்தது. அந்த மனிதர் நான் செய்யும் தப்பையே தலைகீழாகச் செய்துகொண்டிருந்தார். அவர் பள்ளிக்கூடத்தைக் கோயிலுக்குக் கொண்டுவந்தார். நான் கோயிலைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிருந்தேன்.

பயிற்சி முடிந்து அப்பா படத்தைச் சுருட்டும்போது அந்த டெனர் அண்ணனிடம் போய்க் கேட்டேன்.

"அண்ணா, ஏ இன்டு ஏ என்ன?"

"ஏ ஸ்கொயர். இதுல என்னம்மா?"

"அப்ப மேல இருக்கிற எண்ணு, எத்தனை ஏறணும்னு இல்ல. எத்தனை ஏ-யைப் பெருக்கியிருக்குன்னு."

"ஆமா. பின்னே?" என்றார் அவர். எங்கே ஏறுவது என்று அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு a தனியாக நின்றால் ஒன்று. இரண்டு நின்றால் இரண்டு. அவ்வளவுதான் விஷயம். பொன்னுக்கு வீங்கி வந்த வாரத்தில் நான் தவறவிட்டது இந்த ஒரு வாக்கியத்தை.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், திங்கட்கிழமை பதில் சொல்லும்போது நீயும் கூட வா என்றார்.

திங்கள் காலை தலைமை ஆசிரியையின் அறையில் கணக்கு டீச்சரும் இருந்தார். அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டுக் குறிக்கும் கணக்குக் குறிக்கும் என்ன வித்தியாசம் என்று விளக்கப் பார்த்தார். தலைமை ஆசிரியை மரியாதையாகக் கேட்டார். நம்பவில்லை. சாக்கட்டியை என்னிடம் நீட்டி, போட்டுக் காட்டச் சொன்னார். டீச்சர் அங்கிருந்த சின்னப் பலகையில் ஒரு கணக்கு எழுதினார். வேண்டுமென்றே குறி போடாத எழுத்துகளாகப் பார்த்து எழுதினார் என்று நினைக்கிறேன்.

a × a³ × b ÷ (a² × b)

பழைய நானாக இருந்தால் a¹b என்று முடித்திருப்பேன். இப்போது a-க்கு ஒன்று, மூன்று, கூட்டினால் நாலு. இரண்டு போனால் இரண்டு. b-க்கு ஒன்று, ஒன்று போனால் பூஜ்யம். a² என்று எழுதிவிட்டு நகர்ந்து நின்றேன்.

டீச்சர் விடையைப் பார்த்துத் தலையசைத்தார். ஆனால் விட்டுவிடவில்லை.

"பி எங்க போச்சு?"

மேலேயும் கீழேயும் அடித்துவிட்டோம் என்று சொல்லத்தான் வகுப்பில் பழக்கியிருந்தார்கள். எனக்கு அந்தப் பதில் வரவில்லை. துணிப்படத்தின் நடுவில் குறியில்லாமல் நிற்கும் எழுத்துதான் கண்ணில் வந்தது.

"பி-க்கு மேல பூஜ்யம், டீச்சர். ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்கியாச்சு. அதனால அது ஒண்ணும் பண்ணாது. பெருக்கினாலும் இருக்கிறது அப்படியே இருக்கும்."

"எதால பெருக்கினா அப்படியே இருக்கும்?"

"ஒண்ணால."

"அப்ப பி-க்கு மேல பூஜ்யம் போட்டா?"

"ஒண்ணு, டீச்சர்."

தலைமை ஆசிரியை டீச்சர் பக்கம் திரும்பி, இது பாடத்தில் வந்துவிட்டதா என்று கேட்டார்.

"இல்ல மேடம்" என்றார் டீச்சர். "அடுத்த வருஷம் வரும்." பிறகு என் கையிலிருந்த சாக்கட்டியை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டே சொன்னார்: "இவ அடுத்த வருஷம் என் வகுப்புலதான் இருக்கணும்."

அப்பா வெளியே வந்ததும் தொப்பியைப் போட மறந்து, வெயிலில் கையிலேயே பிடித்துக்கொண்டு தபால் ஆபீஸ் வரை நடந்தார்.

அம்மாவுக்கு இதில் எதுவும் ஏறவில்லை. கண்ணாடி போட்டது, கணக்கு வந்தது. இரண்டும் ஒரே தவக்காலத்தில் நடந்தன. அவருக்கு அது போதும். தெருவில் கணக்கு வராத பிள்ளைகளையெல்லாம் அதே டாக்டரிடம் அனுப்பினார். அவர்களில் ஒருவனுக்கு உண்மையாகவே பார்வை மங்கலாக இருந்து சரியானதாம். அதற்குப் பிறகு அம்மாவோடு வாதாட யாராலும் முடியவில்லை. எனக்கே கண்ணாடி உண்மையில் தேவைப்பட்டது நாற்பது வயதுக்கு மேல். அந்த ஆமை ஓட்டுச் சட்டத்தை அதற்குள் எங்கேயோ தொலைத்திருந்தேன்.

காலேஜில் பௌதிகம் படித்தேன். குழாய்களுக்கான விடை அங்கே கிடைத்தது. குழாயின் நீளம் பாதியானால் அதிர்வு இரண்டு மடங்கு; அதுதான் ஒரு ஸ்தாயி ஏறுவது. இரண்டு ஸ்தாயி ஏறினால் இரண்டின் வர்க்கம். மூன்று ஏறினால் இரண்டின் கனம். ஏறாமல் நின்றால் இரண்டின் தலையில் பூஜ்யம், அதாவது ஒன்று: இருக்கிறது அப்படியே இருக்கும். அப்பாவின் துணிப்படத்திலிருந்த சின்ன எண்கள் உண்மையான அடுக்குகள்தான். அடியிலிருக்கும் இரண்டை மட்டும் யாரும் அச்சடிக்கவில்லை. ஆகவே நான் அன்று முட்டாளாக இருக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். சரியான கணக்கை வேறோர் எழுத்தின் மேல் போட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஈஸ்டர் காலையில், டெனர் அண்ணன் மறுபடியும் தவறிவிடுவாரோ என்று அப்பாவுக்குப் பயம். பாட்டு நடத்தும் கையால் அவருக்கு ஒரு சைகை வைத்திருந்தார். குறியில்லாத d வந்தால் கையை மூடி, பூஜ்யம் என்று முஷ்டியாக்கிக் காட்டினார். தலையில் ஒன்று உள்ள d வந்தபோது ஒரு விரலைத் தூக்கினார். அண்ணன் ஏறினார். கூரை ஓடு அதிர ஏறினார். அப்பா விரலை இறக்காமலே திரும்பி முன்வரிசையில் என்னைப் பார்த்தார்.

போன மாத விழாவில் பாட்டை நடத்தியது ஓர் இளம் பெண். அப்பா காலமான பிறகு பிறந்தவள். நடு டோ வந்த இடத்தில் அவள் கை மூடியது. பந்தி முடிந்ததும் அவளைத் தேடிப் போய், ஏன் அங்கே முஷ்டி காட்டினாய் என்று கேட்டேன்.

"தெரியாது ஆண்ட்டி. நம்ம கொயர்ல எப்பவும் அப்படித்தான் காட்டுவாங்க."

அவளுக்கு இந்தக் கதை முழுவதையும் அங்கேயே சொன்னேன். கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.